படையில் கற்றதில் எதைக் கொண்டுபோவது, எதை விட்டுவிடுவது: ஜெனரல் ஜார்ஜ் மார்ஷலின் அரசுப் பணி

ராணுவத்தில் முப்பது, முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு அரசு நிர்வாகத்துக்கு வருபவர் முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். உத்தரவில் கையெழுத்து விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார். அரசு அலுவலகத்தில் கையெழுத்துக்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. நிதி ஒதுக்கீடு வாங்க வேண்டும். தன் அதிகாரத்துக்குக் கீழே வராத நாலு துறைகள் சம்மதிக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரரிடம் போய்ப் பேச வேண்டும். இவை எதையும் அதட்டி வாங்க முடியாது.

இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்தவர்களில் யாரைப் படிக்கலாம் என்று கேட்டால், அமெரிக்காவின் ஜார்ஜ் மார்ஷலைத்தான் சொல்ல வேண்டும். அவர் வெற்றி மட்டுமே கண்டவர் என்பதால் அல்ல. ஒரு பெரிய வெற்றி, ஒரு பெரிய தோல்வி, விலை அதிகம் கொடுக்கவைத்த ஒரு தந்தி என்று மூன்றுமே அவர் கணக்கில் உண்டு. மூன்றும் விவரமாகப் பதிவாகியிருப்பதால், எங்கே எது வேலை செய்தது, எங்கே பிசகியது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

மார்ஷல் 1880 டிசம்பர் 31 அன்று பென்சில்வேனியாவில் பிறந்தவர். அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்ட்டில் படித்தவர் இல்லை. வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிட்யூட்டில் 1901இல் படிப்பை முடித்தார். முதல் உலகப் போரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது திட்டமிடல் வேலை. 1918 செப்டம்பரில் பிரான்ஸில் நடந்த மியூஸ்-ஆர்கான் தாக்குதலுக்காகச் சுமார் 6 லட்சம் பேரை, மூன்றே சாலைகளை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் இரவு நேரத்தில், இரண்டு வாரத்துக்குள் போர்முனைக்கு நகர்த்தும் ஏற்பாட்டில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. எந்தப் படைப்பிரிவு எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு நுழைய வேண்டும், வழியில் பழுதான வண்டியை யார் ஓரம் கட்டுவது என்பது வரைக்கும் யோசித்தாக வேண்டிய வேலை அது. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து அவர் அரசு அலுவலகத்தில் காட்டிய ஒழுங்குக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், அவர் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாகப் பதவியேற்றார். அப்போது அந்தப் படையில் 2 லட்சம் பேர்கூட இல்லை. 1945இல் 80 லட்சத்தைத் தாண்டியது. இந்த வளர்ச்சிக்கு உத்தரவு போதவில்லை, அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸின் வாக்குகள் வேண்டியிருந்தன. 1941 ஆகஸ்டில் கட்டாயச் சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று, ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. அந்த ஒரு வாக்குக்குப் பின்னால் மார்ஷல் கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்து பதில் சொன்ன மாதங்கள் இருக்கின்றன. குடிமை நிர்வாகப் பயிற்சி அவருக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்தது அல்ல. சீருடையில் இருக்கும்போதே, பணத்துக்காகவும் ஆளுக்காகவும் மக்கள் பிரதிநிதிகள் முன் நிற்க வேண்டி வந்தபோது கிடைத்தது. பதவி உயர்வில் கண்ணாக இருக்கும் அதிகாரிகள் பலர் பாராளுமன்றக் குழு, தணிக்கை, கொள்முதல் போன்ற வேலைகளைத் தண்டனை மாதிரிப் பார்த்து ஒதுங்குகிறார்கள். பின்னாளில் அரசுப் பணிக்கு உதவப்போவது அந்த வேலைகள்தான்.

1942 மார்ச்சில் அவர் செய்த சீரமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன் அறுபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகளுக்குத் தலைமைத் தளபதியை நேரே பார்க்கும் உரிமை இருந்தது. அத்தனை பேரும் ஆளுக்கொரு கோப்போடு வருவார்கள். சின்ன விஷயத்துக்கும் மேலே இருந்துதான் முடிவு வர வேண்டும். மார்ஷல் இதைத் தரைப்படை, விமானப்படை, வழங்கல் என்று மூன்று பெரிய கட்டளைகளாக மடக்கினார். நேரே வருபவர்கள் எண்ணிக்கை ஆறேழு பேராகக் குறைந்தது. இதைப் பேச்சுவார்த்தை நடத்தி, எல்லாரையும் சமாதானப்படுத்திச் செய்யவில்லை. போர்க்கால அதிகாரம் இருந்தது, செய்துவிட்டார். ஐந்து வருடம் கழித்து வெளியுறவுத் துறையில் அதே நோயைப் பார்த்தபோது அதே மருந்தைக் கொடுத்தார். ஆனால் கொடுத்த விதம் வேறு.

வெளியுறவு அமைச்சர் பொறுப்பை 1947 ஜனவரி 21 அன்று ஏற்றார். செனட் அதற்கு முன்பே, விசாரணை எதுவும் இல்லாமல், ஒருமனதாக ஒப்புதல் தந்திருந்தது. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கியதுமே நிருபர்களிடம், தான் எந்த அரசியல் பதவிக்கும் போட்டியிடப்போவதில்லை, யாரும் தன்னை அப்படி நினைக்க வேண்டாம் என்று அறிவித்தார். இதைப் பணிவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு கணக்கு. அப்போது காங்கிரஸின் இரு அவைகளும் குடியரசுக் கட்சி கையில். அதிபர் ட்ரூமன் ஜனநாயகக் கட்சி. அடுத்த வருடம் தேர்தல். புகழ்பெற்ற ஜெனரல் ஒருவர் அதிபர் தேர்தலில் நிற்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அவர் கொண்டுவரும் எந்த மசோதாவும் தேர்தல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கப்படும். அந்தக் கதவை முதல் நாளே சாத்தினார். படையிலிருந்து வரும் எவரும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய காரியம் இது. இரண்டு மாதம் தள்ளிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வெளியுறவுத் துறையில் அவர் மாற்றியவை மூன்றே மூன்று. முதலாவது, கோப்பு வரும் வழி. துணை அமைச்சர் டீன் அச்செசன் வழியாகத்தான் எதுவும் தன் மேசைக்கு வர வேண்டும் என்று முடிவு செய்தார். ராணுவத்தில் ஸ்டாஃப் தலைவர் வகிக்கும் இடத்தை அச்செசனுக்குக் கொடுத்தார். ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும், குறிப்பாகத் தன்னைப் பற்றி, என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது, ஒரு செயலகம். போர்க்காலத்தில் ராணுவத் தலைமையகத்தில் வேலை பார்த்த கார்லைல் ஹ்யூமெல்சைனை அதற்குத் தலைவராக்கினார். செயலகத்தின் வேலை கேட்பதற்குச் சின்னதாக இருக்கும்: மேலே போகும் தாளில் பிரச்சினை என்ன, பரிந்துரை என்ன, சம்பந்தப்பட்ட பிரிவுகளில் யார் ஒத்துக்கொண்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லை என்றால் திருப்பி அனுப்புவது, முடிவு வந்த பிறகு அது நடந்ததா என்று தொடர்ந்து கேட்பது. இந்த மூன்றாவது பகுதியைத்தான் பெரும்பாலான அலுவலகங்கள் விட்டுவிடுகின்றன. முடிவு எடுத்த தேதி பதிவாகும், நடந்த தேதி பதிவாகாது. யார் மறுத்தார்கள் என்ற வரி இல்லாத குறிப்பும் ஆபத்தானது. அமைச்சர் கையெழுத்துப் போட்ட மறுநாள், கேட்கப்படாத துறை பத்திரிகைக்குப் போகும்.

மூன்றாவது, ஜார்ஜ் கென்னன் தலைமையில் கொள்கைத் திட்டமிடல் குழு. 1947 மே மாதம் தொடங்கியது. மார்ஷல் கென்னனுக்குக் கொடுத்த அறிவுரை மிகச் சுருக்கம்: அற்ப விஷயங்களைத் தவிர்க்கவும். படையில் திட்டப்பிரிவு அன்றாடச் சண்டையில் தலையிடாது. அடுத்த மாதத்தைப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தார்.

இந்த அமைப்பில் குறை இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கதவு வழியாக வருவதால், அந்தக் கதவில் நிற்பவர் சரியில்லை என்றால் மொத்தத் துறையும் குருடாகிவிடும். அச்செசன், அவருக்குப் பிறகு 1947 ஜூலையில் வந்த ராபர்ட் லோவெட் இருவரும் அசாத்தியத் திறமைசாலிகள், அதனால் ஓடியது. இந்த முறையை நகலெடுக்க நினைப்பவர்கள் முதலில் அந்த இரண்டாம் நாற்காலிக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் இல்லாமல் அமைப்பை மட்டும் கொண்டுவந்தால் முன்பிருந்த குழப்பமே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

அமைப்பு எப்படி வேலை செய்தது என்பதற்கு, போரில் சிதைந்த ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா தந்த உதவியான மார்ஷல் திட்டமே சாட்சி. 1947 மார்ச், ஏப்ரலில் ஆறு வாரத்துக்கு மேல் மாஸ்கோ மாநாட்டில் உட்கார்ந்துவிட்டு, ஏப்ரல் 15 அன்று ஸ்டாலினையும் சந்தித்துவிட்டு, ஐரோப்பா சரிவதைப் பற்றி மாஸ்கோவுக்கு அவசரமே இல்லை என்ற முடிவோடு திரும்பினார். 28ஆம் தேதி வானொலியில் பேசும்போது, மருத்துவர்கள் ஆலோசித்துக்கொண்டிருக்கையில் நோயாளியின் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்று சொன்னார். மே 23இல் கென்னன் குழுவின் குறிப்பு வந்தது. சில நாளில் பொருளாதார விவகாரங்களைக் கவனித்த வில் கிளேட்டனின் குறிப்பு வந்தது. சார்லஸ் போலன் பேச்சை வரைந்தார். ஜூன் 5 அன்று ஹார்வர்டில் மார்ஷல் அதைப் படித்தார்.

அந்தப் பேச்சில் தொகை இல்லை, நாடுகளின் பட்டியல் இல்லை. எந்த நாட்டையும் எதிரியாகச் சுட்டவில்லை. தொடக்க முயற்சி ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும் என்பதுதான் அதன் மையம். தளபதியாக இருந்தவர் திட்டத்தைத் தானே எழுதி, ஐரோப்பாவுக்கு அனுப்பி, நிறைவேற்று என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அங்கே எவரும் அதைச் சொந்தத் திட்டமாக எடுத்திருக்கமாட்டார்கள். பேச்சுக்குச் சில நாள் முன்பு அச்செசன் மூன்று பிரிட்டிஷ் நிருபர்களை மதிய உணவுக்கு அழைத்து, இதைக் கவனியுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பிபிசி ஒலிபரப்பில் சேதியைக் கேட்டு உடனே பிரெஞ்சு அமைச்சர் பிதோவோடு வேலையில் இறங்கினார். பாரிஸ் பேச்சிலிருந்து ஜூலை 2 அன்று சோவியத் தரப்பு வெளியேறியது. ஜூலை 12இல் 16 நாடுகள் கூடின. செப்டம்பரில் அவர்களின் கூட்டு அறிக்கை வந்தது.

பிறகுதான் கஷ்டமான பகுதி. செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் ஆர்தர் வாண்டன்பர்க் எதிர்க்கட்சிக்காரர். மார்ஷல் அவரைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. பத்திரிகைகளின் கண்ணில் படாமல், அதிபரின் விருந்தினர் இல்லமான பிளேர் ஹவுஸில் அடிக்கடிச் சந்தித்தார். 1948 ஜனவரி 8 அன்று குழுவின் முன் சாட்சி சொல்லும்போது முதல் 15 மாதத்துக்கு 680 கோடி டாலர் கேட்டார்; தேவையானதைக் கொடுங்கள், இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம் என்றார். பருத்தி விவசாயிகள், வணிகர்கள், பெண்கள் அமைப்புகள் என்று ஊர் ஊராகப் போய் விளக்கினார். தேர்தலில் நிற்பவரைப் போல உழைத்தேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

எதில் விட்டுக்கொடுத்தார் என்பதும் பாடம். நாலு வருடத்துக்கும் சேர்த்து 1,700 கோடி டாலர் என்ற எண்ணைச் சட்டத்தில் வைக்கக் கேட்டிருந்தார்கள். வாண்டன்பர்க் அதை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். திட்டத்தை வெளியுறவுத் துறையே நடத்த வேண்டும் என்பது மார்ஷலின் விருப்பம். தனி அமைப்பாக இருக்க வேண்டும், தொழில் உலகத்திலிருந்து ஒருவர் நடத்த வேண்டும் என்று செனட் விரும்பியது. அதற்கும் ஒத்துக்கொண்டார். ஸ்டூட்பேக்கர் கார் கம்பெனித் தலைவர் பால் ஹாஃப்மன் அதன் தலைவரானார். படைத்தளபதி ஒருவருக்கு, தான் பெற்ற குழந்தையை வேறொருவர் கையில் கொடுப்பது எளிதல்ல. செனட்டில் 69க்கு 17, பிரதிநிதிகள் சபையில் 329க்கு 74 என்று வாக்குகள் விழுந்ததற்கு இந்த விட்டுக்கொடுத்தல் முக்கியக் காரணம். 1948 ஏப்ரல் 3 அன்று ட்ரூமன் கையெழுத்திட்டார். 1952க்குள் சுமார் 1,300 கோடி டாலர் போனது.

பணம் எப்படிப் போனது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டாலர் மூட்டையாக எந்த அரசுக்கும் போகவில்லை. பிரெஞ்சு விவசாயி ஒருவருக்கு அமெரிக்க டிராக்டர் வேண்டும் என்றால், அவர் விலையைப் பிராங்கில் தன் நாட்டிலேயே கட்டுவார். டிராக்டர் விற்ற அமெரிக்கக் கம்பெனிக்கு அமெரிக்க அரசு டாலரில் கொடுக்கும். விவசாயி கட்டிய பிராங்க் ஒரு தனிக் கணக்கில் சேரும். அதில் 5 சதவீதம் அமெரிக்கச் செலவுகளுக்கு. மீதி 95 சதவீதத்தை அந்த நாடு, அமெரிக்க ஒப்புதலோடு, மறுகட்டுமானத்துக்குப் பயன்படுத்தும். பிரான்ஸ் அதைத் தொழில்துறை முதலீட்டில் போட்டது. பிரிட்டன் பெரும்பகுதியைக் கடன் அடைக்கப் பயன்படுத்தியது. ஒரே டாலர் இரண்டு முறை வேலை செய்தது.

இனி தோல்வி. 1945 நவம்பரில் ஓய்வு பெற்ற சில நாளிலேயே ட்ரூமன் தொலைபேசியில் கூப்பிட்டு அவரைச் சீனாவுக்கு அனுப்பினார். சியாங் கை-ஷேக் அரசும் கம்யூனிஸ்டுகளும் சண்டையை நிறுத்தி ஒரே அரசில் சேர வேண்டும் என்பது பணி. தொடக்கம் பிரமாதமாக இருந்தது. 1946 ஜனவரி 10 அன்று போர்நிறுத்தம். பிப்ரவரி 25 அன்று படைகளைக் குறைத்து 60 டிவிஷன்களாக்க ஒப்பந்தம். 50 அரசுத் தரப்பு, 10 கம்யூனிஸ்ட் தரப்பு. கண்காணிக்க பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) ஒரு தலைமையகம், அரசு, கம்யூனிஸ்டுகள், அமெரிக்கா என்று மூன்று தரப்புக்கும் ஒவ்வொரு உறுப்பினர் வீதம் களக் குழுக்கள். காகிதத்தில் அழகான ஸ்டாஃப் வேலை.

பிசகியது மூன்று இடத்தில். களக் குழுக்களில் மூவரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு; ஒருவர் தலையாட்டாவிட்டால் எதுவும் நகராது. போர்நிறுத்தத்தில் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவுக்குள் அரசுப் படை நகர்வதற்கு விலக்கு இருந்தது; சண்டை அங்கேயே வெடித்தது. மார்ச்சில் மார்ஷல் கடனுதவி பேச வாஷிங்டன் போனார். ஏப்ரல் 18 அன்று திரும்பியபோது மஞ்சூரியாவின் சாங்சுன் நகரம் கம்யூனிஸ்டுகள் கையில். மூன்றாவதுதான் பெரியது. நடுவராக இருந்த அமெரிக்காவே ஒரு தரப்புக்கு உதவியும் செய்துகொண்டிருந்தது. 1946 கோடையில் ஆயுதத் தடை போட்டார்கள், ஆகஸ்ட் கடைசியில் போர் உபரிப் பொருட்களை சியாங் அரசுக்கு விற்றார்கள். ஒரு தரப்பு நம்பாது, மற்றத் தரப்பு பயப்படாது. 1947 ஜனவரியில் இரு தரப்பையும் கண்டிக்கும் அறிக்கையோடு கிளம்பினார். கட்டளையிடும் அதிகாரமும் இல்லை, தன் அரசின் கைகளை ஒரே பக்கம் இழுத்துப் பிடிக்கும் அதிகாரமும் இல்லை என்றால், நேர்மையும் உழைப்பும் மட்டும் சமரசத்தைக் கொண்டுவராது. இப்படிப்பட்ட பணியை ஏற்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: உதவியை நிறுத்தவும் தொடங்கவும் யாருக்கு அதிகாரம்? பதில் “வேறு துறைக்கு” என்றால் பணி அரைவாசி தோற்றதுதான்.

மேலிடத்தோடு கருத்து வேறுபட்டால் என்ன செய்வது என்பதற்கு 1948 மே மாதம் ஒரு நல்ல உதாரணம். இஸ்ரேலை உடனே அங்கீகரிப்பது பற்றி 12ஆம் தேதி வெள்ளை மாளிகையில் கூட்டம். அதிபரின் அரசியல் ஆலோசகர் கிளார்க் கிளிஃபோர்ட் அங்கீகாரத்துக்காக வாதாடினார். வெளியுறவுக் கூட்டத்தில் அரசியல் ஆலோசகருக்கு என்ன வேலை என்று மார்ஷல் கோபப்பட்டார். இப்படிச் செய்தால், தேர்தலில் வாக்களிப்பவனாக இருந்தால் உங்களுக்கு எதிராகத்தான் போடுவேன் என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு நாளில் ட்ரூமன் அங்கீகரித்தார். மார்ஷல் ராஜினாமா செய்யவில்லை, பத்திரிகைக்கும் பேசவில்லை. முடிவெடுக்கும் உரிமை யாருக்கோ அவர் எடுத்துவிட்டார் என்பது அவர் நிலை. அறைக்குள் முழுக் கோபம், அறைக்கு வெளியே முழு மௌனம். படையில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது தெரியும். முதலாவதில் பலர் கோட்டை விடுகிறார்கள், மேலதிகாரி என்று தயங்கி.

1948 டிசம்பரில் சிறுநீரக அறுவை சிகிச்சை, அடுத்த மாதம் பதவி விலகல். ஆனால் கொரியப் போர் மறுபடி இழுத்தது. பாதுகாப்பு அமைச்சராவதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 1947ஆம் வருடச் சட்டப்படி, கடந்த பத்து வருடத்துக்குள் படையில் பணியிலிருந்த அதிகாரி அந்தப் பதவிக்கு வரக் கூடாது. ஐந்து நட்சத்திர ஜெனரலான மார்ஷலோ சட்டப்படி வாழ்நாள் முழுவதும் பணிப் பட்டியலில் இருப்பவர். காங்கிரஸ் அவருக்காக மட்டும் விலக்குச் சட்டம் போட்டது. எதிர்காலத்தில் ராணுவத்தினரை அமர்த்துவதற்கு இதை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியது. இந்தமுறை அவர் நியமனத்துக்குச் செனட்டில் ஒருமனதான ஆதரவு இல்லை, 57க்கு 11. செனட்டர் ஜென்னர் மிகக் கேவலமாகத் தாக்கினார். பின்னாளில் இந்தத் தடை ஏழு வருடமாகக் குறைந்தது; 2017இல் ஜேம்ஸ் மாட்டிஸுக்கும் 2021இல் லாயிட் ஆஸ்டினுக்கும் மறுபடி விலக்குத் தர வேண்டி வந்தது. இந்தத் தடையை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளுபவர்கள் அடுத்த விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

பதவியேற்று ஒரு வாரம்தான். 1950 செப்டம்பர் 29 அன்று, கொரியப் போரை நடத்திய தளபதி டக்ளஸ் மக்ஆர்தருக்கு மார்ஷல் ஒரு தந்தி அனுப்பினார்: வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38ஆவது இணைகோட்டுக்கு வடக்கே போவதில் உத்தி ரீதியாகவும் போர்முறை ரீதியாகவும் தடையில்லாமல் இருப்பதாக நீங்கள் உணர வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு நாள் முன்புதான் கூட்டுத் தளபதிகள் குழு, எல்லையோர மாகாணங்களில் கொரியர் அல்லாத படைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று எல்லை போட்டிருந்தது. களத்தில் இருப்பவரின் கையைக் கட்டக் கூடாது என்ற நல்ல ராணுவப் பழக்கத்தில் எழுதிய வரி அது. மக்ஆர்தர் அதை அகலமாக வாசித்தார். அக்டோபர் 24 அன்று அந்தத் தடையைத் தானே நீக்கினார். வாஷிங்டன் கேட்டபோது மார்ஷலின் தந்தியையே காட்டினார். நவம்பர் கடைசியில் சீனப் படை பெருந்திரளாக இறங்கியது. தளபதிக்குத் தளபதி எழுதும் மரியாதை மொழி, அமைச்சர் கையெழுத்தோடு போகும்போது கொள்கை ஆகிவிடுகிறது. அமைச்சர் எழுத வேண்டியிருந்தது “தடையில்லாமல்” என்பதல்ல. “27ஆம் தேதி உத்தரவின் எல்லைக்குள்” என்பது. ஐந்தாறு சொல்தான் வித்தியாசம்.

1951 ஏப்ரலில் மக்ஆர்தரை நீக்கும் பேச்சு வந்தபோது மார்ஷல் உடனே தலையாட்டவில்லை. முதலில் தயங்கினார், கோப்புகளைப் படித்த பிறகு, இரண்டு வருடம் முன்பே நீக்கியிருக்க வேண்டும் என்று சொன்னதாக ட்ரூமன் பதிவு செய்திருக்கிறார். ஏப்ரல் 11 அன்று நீக்க அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே, 1950 கடைசியில், ஆள்பல நிபுணர் ஆனா ரோசன்பர்க்கை உதவி அமைச்சராக்கினார். அவர் கம்யூனிஸ்ட் என்று குற்றச்சாட்டு எழுந்து, அது வேறொரு ஆனா ரோசன்பர்க் என்று விசாரணையில் தெரியும் வரை அவருக்குத் துணை நின்றார். ஒரே வருடத்தில் ஆயுதப்படைகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேல் ஆனது. அதற்கு அந்தப் பெண்ணின் உழைப்பு பெரிது.

இந்தப் பதவியை ஏற்கும்போதே மார்ஷல் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார். ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருடம்; துணை அமைச்சராக லோவெட் வர வேண்டும். 1950 அக்டோபரில் லோவெட் வந்தார், எல்லா முக்கியக் கூட்டத்திலும் உட்கார்ந்தார், பட்ஜெட்டை அவரே கையாண்டார். 1951 செப்டம்பர் 12 அன்று மார்ஷல் விலகினார். 17ஆம் தேதி லோவெட் பதவியேற்றார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த அமைச்சகத்தில் ஒரு கோப்பும் புது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.